முடிவைப் பார்க்கும் முன்னே அளவுகோலை எடுங்கள்: புதிய ஆதாரத்தை நேர்மையாக எடைபோட ஒரு முழுமையான வழிகாட்டி

அமெரிக்க உளவியலாளர்கள் பீட்டர் டிட்டோவும் டேவிட் லோபஸும் 1992இல் வெளியிட்ட ஓர் ஆய்வில், மாணவர்களிடம் ஒரு காகிதத் துண்டைக் கொடுத்தார்கள். உமிழ்நீர் பட்டால் அது நிறம் மாறலாம், அதை வைத்து உடலில் ஒரு நொதி குறைவாக இருக்கிறதா என்று சொல்லிவிடலாம் என்றார்கள். பாதிப் பேரிடம் நிறம் மாறினால் நல்லது என்றும், மீதிப் பேரிடம் நிறம் மாறினால் கெட்டது என்றும் சொல்லப்பட்டது. உண்மையில் அது வெறும் காகிதம்; நிறம் மாறவே மாறாது. மாறாமல் இருப்பதை நல்ல செய்தியாக எடுத்துக்கொண்டவர்கள் சீக்கிரமே 'சரி, சோதனை முடிந்தது' என்று முடித்துக்கொண்டார்கள். அதையே கெட்ட செய்தியாக எடுத்துக்கொண்டவர்கள் அதிக நேரம் காத்திருந்தார்கள், மறுபடியும் சோதித்துப் பார்த்தார்கள்.

இரண்டு தரப்பிலும் யாரும் பொய் சொல்லவில்லை, ஆதாரத்தை ஒதுக்கித் தள்ளவும் இல்லை. சொல்லப்போனால், கெட்ட செய்தி கிடைத்தவர்கள்தான் அதிகக் கவனமாக இருந்தார்கள். நமக்குப் பிடிக்காததை நாம் பார்ப்பதே இல்லை என்று பலர் நினைக்கிறார்கள். அப்படியல்ல. பிடிக்காததை நுணுக்கி நுணுக்கிப் பார்க்கிறோம். பிடித்ததைத்தான் பார்க்காமலே உள்ளே விட்டுவிடுகிறோம். அந்தச் சோதனையில் வேலை செய்தது ஆசை. ஆசை இருந்த இடத்தில் பழைய நம்பிக்கை ஒன்றை வைத்தாலும் இதேதான் நடக்கிறது.

அதனால் இந்த வழிகாட்டி 'திறந்த மனதோடு இருங்கள்' என்ற அறிவுரை இல்லை. அந்த அறிவுரையால் பலன் குறைவு என்பதற்கே ஆய்வு இருக்கிறது. நான்காவது படியில் அதைப் பார்ப்போம். இங்கே சொல்லப்போவது ஒரு வேலைமுறை. நம்பிக்கைக்கு ஏற்ற ஆதாரமும் எதிரான ஆதாரமும் ஒரே சோதனையைக் கடந்து வரும்படி செய்வது எப்படி என்பதுதான் விஷயம்.

சாய்வு எங்கே நுழைகிறது

பிடித்ததற்கு ஓர் அளவுகோல், பிடிக்காததற்கு இன்னொன்று என்ற இந்தச் சாய்வு மூன்று இடங்களில் நுழைகிறது என்று சொல்லலாம். முதலாவது, நாம் எதைத் தேடுகிறோம் என்பது. 1960இல் பீட்டர் வேசன் என்ற பிரிட்டிஷ் உளவியலாளர் 2, 4, 6 என்ற மூன்று எண்களைக் கொடுத்து, இவை ஒரு விதிக்குப் பொருந்துகின்றன, அந்த விதி என்ன என்று கேட்டார். நீங்களே மூன்று மூன்று எண்களாகச் சொல்லிப் பார்க்கலாம். பொருந்துகிறதா இல்லையா என்று அவர் சொல்வார். 'இரண்டிரண்டாகக் கூடும் எண்கள்' என்று நினைத்தவர்கள் 8, 10, 12 என்றும் 20, 22, 24 என்றும் சொல்லிப் பார்த்தார்கள். எல்லாவற்றுக்கும் 'ஆம்' வந்தது. ஆனால் உண்மையான விதி, ஏறுவரிசையில் எந்த மூன்று எண்களும் என்பதுதான். 1, 7, 50 என்று ஒருமுறை சொல்லிப் பார்த்திருந்தால் தெரிந்திருக்கும். தன் ஊகத்தை உடைக்கக்கூடிய எண்களைச் சொல்லிப் பார்க்கப் பலருக்கும் தோன்றவில்லை.

இரண்டாவது, கண்ணுக்கு முன்னால் இருப்பதில் எதைப் பார்க்கிறோம் என்பது. 1951இல் பிரின்ஸ்டன், டார்ட்மத் கல்லூரி அணிகள் மோதிய ஓர் அமெரிக்கக் கால்பந்து ஆட்டம் முரட்டுத்தனமாகப் போனது. பிறகு இரு கல்லூரி மாணவர்களுக்கும் அதே படச்சுருளைப் போட்டுக் காட்டி, விதிமீறல்களை எண்ணச் சொன்னார்கள். டார்ட்மத் அணி செய்த மீறல்களாக அந்தக் கல்லூரி மாணவர்கள் எண்ணியதைவிட, பிரின்ஸ்டன் மாணவர்கள் எண்ணியது இரண்டு மடங்குக்கும் மேல். ஹேஸ்டார்ஃப், கேன்ட்ரில் என்ற ஆய்வாளர்கள் 1954இல் இதை எழுதினார்கள்.

மூன்றாவதுதான் மிக ஆழமானது: ஆதாரத்தின் தரத்தை எப்படி மதிப்பிடுகிறோம் என்பது. 1979இல் அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் சார்ல்ஸ் லார்டு, லீ ராஸ், மார்க் லெப்பர் ஆகியோர் நடத்திய ஆய்வில் 48 மாணவர்கள். பாதிப் பேர் மரண தண்டனை கொலைகளைக் குறைக்கிறது என்று நம்புகிறவர்கள், பாதிப் பேர் இல்லை என்கிறவர்கள். ஒவ்வொருவருக்கும் இரண்டு ஆய்வுகள் தரப்பட்டன. ஒன்று தண்டனை பலன் தருகிறது என்றது. மற்றது தரவில்லை என்றது. ஒன்று சட்டம் வந்ததற்கு முன்னும் பின்னும் ஒரே மாநிலங்களை ஒப்பிட்டது. இன்னொன்று சட்டம் உள்ள மாநிலத்தையும் இல்லாத பக்கத்து மாநிலத்தையும் ஒப்பிட்டது. எந்த முறைக்கு எந்த முடிவு என்பதை ஆளுக்கு ஆள் மாற்றிக் கொடுத்தார்கள். அப்படியிருந்தும் தன் நம்பிக்கைக்கு இசைந்த ஆய்வுதான் நன்றாகச் செய்யப்பட்டது என்று இரு தரப்பும் சொன்னார்கள். ஒருவருக்கு நேர்த்தியாகத் தெரிந்த அதே முறை, முடிவு மாறியதும் இன்னொருவருக்கு ஓட்டையாகத் தெரிந்தது. கலவையான ஆதாரத்தைப் படித்து முடித்தபின், தங்கள் பழைய கருத்தில் இன்னும் உறுதியாகிவிட்டதாகவே இரண்டு தரப்பும் தெரிவித்தார்கள்.

அப்படியானால் முன்நம்பிக்கை இருப்பதே தவறா?

இல்லை. இதைத் தெளிவாக்காமல் படிகளுக்குள் போனால் வழி தவறிவிடும்.

2011 செப்டம்பரில், ஆபெரா என்ற இயற்பியல் குழு, நியூட்ரினோக்கள் என்ற நுண்துகள்கள் ஒளியைவிட வேகமாகப் போனதாக ஓர் அளவீட்டை வெளியிட்டது. ஜெனீவாவின் செர்ன் ஆய்வகத்திலிருந்து இத்தாலியின் கிரான் சாசோ வரை சுமார் 730 கிலோமீட்டர். அந்தத் தூரத்தை ஒளியைவிட 60 நானோநொடி முன்னதாகக் கடந்துவிட்டன என்றார்கள். ஒளியைவிட வேகமாக எதுவும் போக முடியாது என்பதுதான் இயற்பியலின் நிலைப்பாடு; பெரும்பாலான இயற்பியலாளர்கள் நம்பவில்லை. எங்கோ பிழை இருக்கிறது என்றார்கள். 2012இல் சரியாகப் பொருத்தப்படாத ஓர் ஒளியிழைக் கேபிள் உட்படக் கருவிப் பிழைகள் கண்டுபிடிக்கப்பட்டன.

அவர்கள் சந்தேகித்தது பிடிவாதத்தாலா? அந்தச் சந்தேகத்துக்குப் பின்னால் கைப்பிடித்துக் காட்டக்கூடிய சான்றுகள் இருந்தன. 1987இல் வெடித்ததாகப் பூமியிலிருந்து பார்க்கப்பட்ட ஒரு தொலைதூர விண்மீனிலிருந்து நியூட்ரினோக்கள் ஒளிக்குச் சில மணி நேரம் முன்புதான் வந்தன. வெடிப்பின் ஒளி விண்மீனின் மேற்பரப்புக்கு வந்துசேரத் தாமதமாகும் என்பதே அதற்குக் காரணம். ஆபெரா சொன்ன வேகம் அங்கும் உண்மையாக இருந்திருந்தால் அவை சுமார் நான்கு ஆண்டுகள் முன்பே வந்திருக்க வேண்டும். இப்படிப் பல இடங்களிலிருந்து சேர்ந்த ஆதாரத்தின் சுருக்கம்தான் அவர்களுடைய முன்நம்பிக்கை. ஆபெரா குழுவும் 'பிழையைக் கண்டுபிடிக்க உதவுங்கள்' என்றுதான் தன் அளவீட்டைப் பொதுவில் வைத்தது என்பது என்னைப் பொறுத்தவரை அந்த ஆண்டின் அறிவியலில் மிக அழகான விஷயம்.

ஆக, புதிதாக வரும் ஒவ்வொன்றுக்கும் பழையதைத் தூக்கிப் போடுவது அறிவுடைமை இல்லை. முன்நம்பிக்கை தராசின் ஒரு தட்டில் உட்காரலாம், அது அதன் இடம். ஆனால் தராசின் முள்ளைப் பிடித்து இழுக்கக் கூடாது. கீழே வரும் படிகளெல்லாம் அதற்காகத்தான்.

ஓர் உதாரணத்தைக் கையில் வைத்துக்கொள்வோம். 'அலைபேசித் திரையை அதிகம் பார்ப்பது குழந்தைகளின் கவனத்தைக் கெடுக்கிறது' என்று ஒருவர் நம்புகிறார். அதைப் பற்றிப் புதிய ஆய்வு ஒன்று வருகிறது.

படி 1: நம்பிக்கையை எழுதி, அதற்கு ஓர் எண் கொடுங்கள்

ஆதாரத்தைத் திறப்பதற்கு முன் ஒரு தாளில் எழுதுங்கள். 'திரை கெடுதல்' என்று மொட்டையாக எழுதாதீர்கள். எந்த வயதுக் குழந்தை, எவ்வளவு நேரம், எந்த வகைப் பயன்பாடு, கெடுவது என்ன என்று சொல்லுங்கள். மொட்டையான நம்பிக்கையை எந்த ஆதாரமும் தொட முடியாது. எது வந்தாலும் 'நான் சொன்னது அது இல்லை' என்று நழுவிவிடும்.

பக்கத்தில் எவ்வளவு உறுதி என்று ஒரு சதவீதம் போடுங்கள், 80 என்று வைத்துக்கொள்வோம். துல்லியமான எண் கிடைக்காது, பரவாயில்லை. 60க்கும் 95க்கும் உள்ள வித்தியாசம் உங்களுக்கே தெரிந்தால் போதும்.

இன்னொரு வரியும் வேண்டும்: இந்த நம்பிக்கை எங்கிருந்து வந்தது? நேரில் பார்த்ததா, படித்ததா, சுற்றியிருப்பவர்கள் எல்லோரும் சொல்வதா? இந்த வரியை எழுதும்போதே பலருக்கு 80 என்பது 65 ஆகிவிடும்.

படி 2: எது வந்தால் மாறுவேன் என்று முன்கூட்டியே சொல்லுங்கள்

'இப்படிப்பட்ட ஆய்வு இந்த முடிவோடு வந்தால் என் எண் இறங்கும்' என்று ஒரு வாக்கியம். அதுவும் முடிவு தெரிவதற்கு முன்னால். தெரிந்த பிறகு எழுதினால் கோல் போஸ்டை நகர்த்திக்கொண்டே இருப்போம்.

மருத்துவ ஆய்வுகளில் இதன் பலத்தை ஓரளவு கண்ணால் பார்க்கலாம். அமெரிக்க அரசின் இதய, நுரையீரல், ரத்த நிறுவனம் நிதி கொடுத்த பெரிய மருத்துவச் சோதனைகளை ராபர்ட் கேப்லனும் வெரோனிகா இர்வினும் 2015இல் ஆராய்ந்தார்கள். 2000க்கு முன் வெளியான 30 சோதனைகளில் 17, சிகிச்சை பலன் தந்தது என்றன. 2000க்குப் பிறகு வந்த 25இல் 2தான் அப்படிச் சொல்லின. எந்த விளைவை அளக்கப்போகிறோம் என்பதை முன்கூட்டியே பதிவு செய்யும் வழக்கம் இடையில் வந்திருந்தது. வேறு காரணங்களும் கலந்திருக்கலாம். ஆனால் பல விளைவுகளை அளந்துவிட்டு, பிடித்ததைப் பிறகு தேர்ந்தெடுக்கும் வசதி போனதும் வெற்றிகள் இப்படிக் கரைந்தது யோசிக்க வைக்கிறது.

எதை எழுதுவது என்று தெரியாமல் பேனா நின்றுவிட்டால், அதாவது எது வந்தாலும் மாறமாட்டேன் என்று உள்ளுக்குள் தெரிந்தால், அதையும் நேர்மையாக எழுதிக்கொள்ளுங்கள். அந்த விஷயத்தில் நீங்கள் ஆதாரத்தை எடைபோடவில்லை, வேறு எதையோ காக்கிறீர்கள். அது என்ன என்று யோசிப்பது தனி வேலை.

படி 3: முறையை முதலில் பாருங்கள், முடிவைப் பிறகு

இந்த வழிகாட்டியில் ஒரே ஒரு படியைத்தான் பின்பற்றுவேன் என்றால் இதைப் பின்பற்றுங்கள்.

2004இல் மாட்ரிட் ரயில் குண்டுவெடிப்பில் கிடைத்த ஒரு கைரேகையை, தன் நாட்டு வழக்கறிஞர் ஒருவருடையது என்று அமெரிக்காவின் எஃப்.பி.ஐ. அடையாளம் காட்டியது. அனுபவம் மிகுந்த நிபுணர்கள் ஒருவர் பின் ஒருவராக அதை ஆமோதித்தார்கள். அது தவறு, ஸ்பெயின் காவல்துறை அந்த ரேகை வேறொருவருடையது என்று காட்டியது. பின்னால் நடந்த அரசு விசாரணை ஒரு நுட்பமான விஷயத்தைச் சொன்னது. முதலில் சில ஒற்றுமைகள் தெரிந்தபின், நிபுணர்கள் பின்னோக்கி வேலை செய்யத் தொடங்கியிருக்கிறார்கள். சந்தேக நபரின் தெளிவான ரேகையில் இருந்த அம்சங்களை, மங்கலான தடயத்தில் 'கண்டுபிடித்திருக்கிறார்கள்'. வைத்துப் பார்ப்பதற்குத் தெளிவான ரேகை பக்கத்தில் இருந்ததால் மங்கலும் தெளிவாகத் தெரிந்திருக்கிறது.

இதையொட்டி இட்டியேல் ட்ரோர் என்ற ஆய்வாளரின் குழு 2006இல் ஒரு சோதனையை வெளியிட்டது. ஐந்து நிபுணர்களுக்கு, சில ஆண்டுகளுக்கு முன் அவர்களே 'பொருந்துகிறது' என்று சொன்ன ரேகைகளை, அவர்களுக்குத் தெரியாமல் மீண்டும் கொடுத்தார்கள். இவை அந்த மாட்ரிட் வழக்கின் தவறான ஜோடி என்று மட்டும் சொல்லிவைத்தார்கள். மூன்று பேர் 'பொருந்தவில்லை' என்றார்கள். ஒருவர் முடிவு சொல்ல முடியவில்லை என்றார். ஒரே ஒருவர்தான் தன் பழைய முடிவில் நின்றார்.

இப்போது பல தடயவியலாளர்கள் பரிந்துரைக்கும் முறை எளிமையானது: தடயத்தை மட்டும் தனியாகப் பார்த்து, அதில் உள்ளதை எழுதி முடித்த பிறகே சந்தேக நபரின் ரேகையைத் திறக்க வேண்டும். நாமும் இதையே செய்யலாம்.

திரை ஆய்வு கையில் கிடைத்ததும் தலைப்பையும் முடிவுரையையும் தாண்டிப் போய், எப்படிச் செய்தார்கள் என்ற பகுதியைத் திறங்கள். எத்தனை குழந்தைகள்? திரை நேரத்தை யார் அளந்தார்கள், கருவியா, பெற்றோரின் ஞாபகமா? கவனம் என்று எதை அளந்தார்கள்? ஒப்பிட இன்னொரு குழு இருந்ததா? கவனம் குறைந்த குழந்தைக்குத்தான் வீட்டில் திரையை அதிகம் கொடுக்கிறார்களா என்ற எதிர்த்திசையை யோசித்தார்களா? இவற்றைப் பார்த்து, முடிவு என்னவென்றே தெரியாமல், பத்துக்கு இத்தனை என்று ஒரு மதிப்பெண் போடுங்கள். போட்ட பிறகு முடிவைப் படியுங்கள். மதிப்பெண்ணை மாற்றக் கை பரபரக்கும். மாற்றக் கூடாது.

முடிவு ஏற்கனவே காதில் விழுந்துவிட்டது என்றால்? பெரும்பாலும் அப்படித்தான் ஆகும். செய்தியே முடிவோடுதான் வருகிறது. அப்போது வேறொருவரிடம் முறையை மட்டும் விவரித்து, 'இப்படி ஒரு ஆய்வை எவ்வளவு நம்பலாம்?' என்று கேளுங்கள். யாரும் கிடைக்கவில்லை என்றால் அடுத்த படி.

இது சாதாரண வாசகர்களுக்கு மட்டும் வேண்டியது என்று நினைக்க வேண்டாம். 1977இல் மைக்கேல் மஹோனி, ஓர் ஆய்விதழின் 75 மதிப்பீட்டாளர்களுக்கு ஒரே முறையும் வெவ்வேறு முடிவுகளும் கொண்ட கட்டுரைகளை அனுப்பினார். அவர்கள் பின்பற்றிய கோட்பாட்டுக்கு ஏற்ற முடிவு வந்தபோது முறை நன்றாக இருக்கிறது என்றார்கள். எதிர் முடிவு வந்தபோது அதே முறையில் குறை கண்டார்கள்.

படி 4: முடிவைத் திருப்பிப் போட்டுப் பாருங்கள்

1979 ஆய்வைச் செய்தவர்களில் லார்டும் லெப்பரும், எலிசபெத் பிரெஸ்டனோடு சேர்ந்து 1984இல் அதன் தொடர்ச்சியை வெளியிட்டார்கள். இந்த முறை ஒரு குழுவிடம், நடுநிலையாக, நீதிபதியைப் போல நியாயமாகப் பாருங்கள் என்றார்கள். பலன் தெரியவில்லை, சாய்வு அப்படியே இருந்தது. இன்னொரு குழுவிடம், இதே ஆய்வு எதிர் முடிவைத் தந்திருந்தால் இதே மதிப்பீட்டைக் கொடுத்திருப்பீர்களா என்று ஒவ்வொரு கட்டத்திலும் கேட்டுப் பார்க்கச் சொன்னார்கள். சாய்வு போய்விட்டது.

தாங்கள் ஏற்கனவே நியாயமாகத்தான் பார்க்கிறோம் என்று எல்லோருக்கும் தோன்றுவதால்தான் முதல் அறிவுரை எடுபடவில்லை. இரண்டாவது, செய்து பார்க்கக்கூடிய ஒரு வேலையைக் கொடுத்தது.

நம் உதாரணத்தில், '40 குழந்தைகள்தானே, போதாது' என்று ஒரு எதிர் ஆய்வைத் தள்ளிவிடத் தோன்றுகிறதா? அதே 40 குழந்தைகளை வைத்துத் திரை கெடுதல் என்று வந்திருந்தால் அதை நாலு பேருக்கு அனுப்பியிருப்பீர்களா? மறுபக்கமும் செய்யுங்கள், இதைத்தான் எல்லோரும் மறந்துவிடுகிறார்கள். உங்களுக்குப் பிடித்த ஆய்வு வரும்போது, இது எனக்கு எதிராக வந்திருந்தால் எந்த ஓட்டையைத் தேடியிருப்பேன் என்று கேட்டு, அந்த ஓட்டையைத் தேடுங்கள்.

படி 5: 'நான் தவறாக இருந்தாலும் இது வந்திருக்குமா?'

ஓர் ஆதாரம் உங்கள் நம்பிக்கையோடு பொருந்துகிறது என்பதால் மட்டும் அது ஆதாரம் ஆகிவிடாது. நம்பிக்கை பொய்யாக இருந்தாலும் அதே அளவுக்குப் பொருந்தும் என்றால் அதற்கு எடையே இல்லை. திரை பார்க்கும் ஒரு குழந்தை பாடத்தில் கவனம் சிதறி உட்கார்ந்திருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். திரையால் எந்தக் கெடுதலும் இல்லாத உலகத்திலும் கவனம் சிதறும் குழந்தைகள் நிறைய இருப்பார்கள். ஆக அந்தக் காட்சி மனதில் பதியும், ஆனால் தராசை அசைக்காது.

எண்ணிலும் செய்து பார்க்கலாம். 80 சதவீத உறுதி என்றால் ஆதரவும் எதிர்ப்பும் 4க்கு 1. ஓர் ஆய்வு வருகிறது. உங்கள் நம்பிக்கை சரியாக இருந்தால் இப்படி ஒரு முடிவு வருவதைவிட, தவறாக இருந்தால் வரும் வாய்ப்பு இரண்டு மடங்கு என்று கணிக்கிறீர்கள். 4க்கு 1 என்பது 4க்கு 2 ஆகிறது. சதவீதத்தில் சொன்னால் 80 என்பது சுமார் 67 ஆக இறங்குகிறது. தாமஸ் பேய்ஸ் என்ற கணிதவியலாளரின் பெயரால் வழங்கும் கணக்கு இதுதான், இவ்வளவு எளிது.

இந்தக் கணக்கில் எனக்குப் பிடித்தது, அது இரண்டு பக்க அவசரத்தையும் தடுக்கிறது. ஒரு ஆய்வு வந்ததும் தலைகீழாக மாற வேண்டியதில்லை. அசையாமல் இருக்கவும் அனுமதி இல்லை.

படி 6: ஒரே நம்பிக்கையை இரண்டு முறை எண்ணாதீர்கள்

இதைப் பற்றி அதிகம் பேசப்படுவதில்லை, ஆனால் படித்தவர்கள் சறுக்கும் இடம் இதுதான்.

'திரை கெடுதல் என்பது உறுதி. எனவே கெடுதல் இல்லை என்ற இந்த ஆய்வில் எங்கோ பிழை இருக்க வேண்டும்.' இதுவரை சரிதான். ஆபெரா விஷயத்தில் இயற்பியலாளர்கள் செய்ததும் இதுவே. அடுத்த வாக்கியத்தில்தான் தவறு நடக்கிறது: 'பார்த்தீர்களா, எதிர்த்தரப்பில் இருப்பதெல்லாம் பிழையான ஆய்வுகள்தான், எனவே என் கருத்து இன்னும் உறுதியாகிறது.' ஆய்வு பிழையானது என்று முடிவுகட்டியதே உங்கள் நம்பிக்கை. அந்த முடிவையே சாட்சியாக்கி நம்பிக்கையை உயர்த்தினால், ஒரே ஆள் வாதியாகவும் சாட்சியாகவும் வந்து நிற்கிறார். பிடித்த ஆய்விலும் இதே வட்டம் உண்டு: என் கருத்தோடு ஒத்துப்போவதால் இது நல்ல ஆய்வு, நல்ல ஆய்வே சொல்வதால் என் கருத்து சரி.

இதைப் பிடிக்க ஒரு சுலபமான வழி: எதிரான ஓர் ஆதாரத்தைப் படித்து முடித்ததும் உங்கள் எண்ணைப் பாருங்கள். அது கொஞ்சம் இறங்கலாம், அல்லது அப்படியே நிற்கலாம். ஏறியிருந்தால் கணக்கில் தவறு. எதிர்த்தரப்பின் மொத்த பலமும் இவ்வளவுதான் என்று நன்கு தேடித் தெரிந்துகொண்ட பிறகு ஏறினால் அது வேறு; ஆனால் அப்படித் தேடியவர்கள் குறைவு.

ஒரே ஆய்வைப் பத்துப் பேர் பத்து இடத்தில் சொன்னால் அது பத்து ஆதாரம் ஆகாது என்பதையும் இங்கேயே சேர்த்துக்கொள்ளுங்கள்.

படி 7: அடித்தளம் போனால் மேலே கட்டியதையும் பாருங்கள்

1975இல் ராஸ், லெப்பர், ஹப்பர்டு ஆகியோர், சில கடிதங்களைக் கொடுத்து எது உண்மை, எது போலி என்று கண்டுபிடிக்கச் சொன்னார்கள். 'பிரமாதமாகச் செய்கிறீர்கள்' என்று சிலரிடமும் 'மோசம்' என்று சிலரிடமும் சொன்னார்கள். பிறகு, அந்தப் பாராட்டும் குறையும் முன்பே சீட்டுக் குலுக்குவதுபோல முடிவு செய்யப்பட்டவை, உங்கள் திறமைக்கும் அதற்கும் சம்பந்தமில்லை என்று விளக்கிவிட்டார்கள். அப்படியும் பாராட்டுப் பெற்றவர்கள் தங்களுக்கு இந்தத் திறமை அதிகம் என்றே மதிப்பிட்டார்கள்.

ஆதாரம் போன பிறகும் நம்பிக்கை நிற்பது, இடையில் நாம் அதற்குக் காரணங்கள் கண்டுபிடித்துவிடுவதால். ஆகவே ஒரு செய்தி தவறு என்று திரும்பப் பெறப்பட்டால் அதை மட்டும் அழித்தால் போதாது. படி 1 தாளை எடுத்து, அந்தச் செய்தியால் எண் எவ்வளவு ஏறியது, அதை நம்பி வேறு என்னென்ன முடிவெடுத்தேன் என்று பார்த்து, அவற்றையும் இறக்குங்கள். எதிர் முடிவு உண்மையாக இருந்தால் அதற்கு என்ன காரணம் இருக்கும் என்று ஒரு பத்தி எழுதிப் பார்ப்பதும் உதவும்.

படி 8: எதிரானதை உடனே குறித்துக்கொள்ளுங்கள், சோதனையை வேறொருவரிடம் கொடுங்கள்

தன் முடிவுகளுக்கு எதிரான ஒரு தகவலோ எண்ணமோ எதிர்ப்பட்டால் தவறாமல் உடனே எழுதிவைக்கும் பழக்கம் சார்ல்ஸ் டார்வினுக்கு இருந்தது. சாதகமானவற்றைவிட இவை சீக்கிரம் மறந்துபோகின்றன என்று அனுபவத்தில் கண்டதாக அவரே எழுதியிருக்கிறார். ஒரு சிறு குறிப்பேடோ கைப்பேசிக் குறிப்போ போதும்.

எழுதுவதால் தீராத ஒன்றும் உண்டு. 1903இல் பிரெஞ்சு இயற்பியலாளர் ரெனே ப்ளோண்ட்லோ, என்-கதிர்கள் என்ற புதிய கதிர்வீச்சைக் கண்டுபிடித்ததாக அறிவித்தார். வேறு பல ஆய்வாளர்களும் அதைப் பார்த்ததாகச் சொன்னார்கள். 1904இல் அமெரிக்க இயற்பியலாளர் ராபர்ட் வுட் அவருடைய ஆய்வகத்துக்குப் போய், இருட்டில் யாருக்கும் தெரியாமல் கருவியின் முக்கியப் பாகமான பட்டகத்தை எடுத்துவிட்டார். அப்புறமும் கதிர்கள் முன்பு போலவே தெரிந்துகொண்டிருந்தன. ப்ளோண்ட்லோ ஏமாற்றுக்காரர் இல்லை, மதிப்புக்குரிய ஆய்வாளர். தன் கண்ணையே சோதிக்க ஒரு வழி அவர் முறையில் இல்லாமல் போனதுதான் குறை. உங்கள் நம்பிக்கையில் பங்கில்லாத ஒருவர், முடிந்தால் அதை மறுப்பவர், உங்கள் கணக்கைப் பார்க்கட்டும்.

கெட்டிக்காரர்களுக்கு ஓர் எச்சரிக்கை

எண்களில் தேர்ந்தவர்களுக்கு இதெல்லாம் தேவைப்படாது என்று தோன்றலாம். 2013இல் டான் கஹானின் குழு ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்களுக்கு ஒரு சிறு எண் அட்டவணையைக் கொடுத்தது. அது ஒரு தோல் மருந்தைப் பற்றியது என்று சொன்னபோது, கணக்கில் தேர்ந்தவர்கள் நன்றாகச் செய்தார்கள். அதே எண்கள் துப்பாக்கிச் சட்டத்தைப் பற்றியவை என்றதும், தங்கள் அரசியலுக்கு ஏற்ற விடை வந்தபோது சரியாகவும், எதிரான விடை வந்தபோது தவறாகவும் படித்தார்கள். இரு தரப்புக்கும் இடையிலான பிளவு கணக்கில் தேர்ந்தவர்களிடம்தான் பெரிதாக இருந்தது. சில மறுசோதனைகளில் இந்த விளைவு இவ்வளவு வலுவாக வரவில்லை. இருந்தாலும் கூர்மையான அறிவு தானாகவே காப்பாற்றும் என்று நம்புவதற்கு இடமில்லை. கூர்மை இருந்தால் ஓட்டை கண்டுபிடிக்கும் திறமையும் அதிகம். அது ஒரு பக்கம் மட்டும் பாயாமல் பார்த்துக்கொள்ள மேலே உள்ள படிகள் அவர்களுக்குத்தான் அதிகம் தேவை.

அடுத்தவரிடம் பேசும்போது

ஆதாரத்தைக் காட்டினால் மக்கள் இன்னும் பிடிவாதமாகிவிடுவார்கள், எனவே பேசிப் பயனில்லை என்று ஒரு கருத்து பரவியிருக்கிறது. 2010இல் பிரெண்டன் நைஹனும் ஜேசன் ரைஃப்லரும் வெளியிட்ட ஆய்வில் அப்படிச் சில இடங்களில் தெரிந்தது உண்மை. ஆனால் தாமஸ் வுட்டும் ஈத்தன் போர்ட்டரும் 52 தலைப்புகளில் பத்தாயிரம் பேருக்கும் மேல் சோதித்தபோது அந்தத் திருப்பியடிக்கும் விளைவு கிட்டத்தட்ட எங்கும் கிடைக்கவில்லை. திருத்தத்தைப் படித்தவர்கள் பெரும்பாலும் உண்மையின் பக்கம் கொஞ்சமாவது நகர்ந்தார்கள். எனவே பேசுங்கள். பேசினால் நகர்வு இருக்கும், சிறிதாக இருக்கும்.

ஒரு வேண்டுகோள் மட்டும். 'உங்களுக்குச் சாய்வு இருக்கிறது' என்று இந்தப் படிகளை அடுத்தவர் மீது வீசாதீர்கள். 1979 ஆய்வில் இருந்த இரண்டு தரப்புமே மற்றவர்களைப் பற்றி அப்படித்தான் சொல்லியிருப்பார்கள். அதற்குப் பதில் படி 2இன் கேள்வியைக் கேளுங்கள்: எது தெரிந்தால் நீங்கள் கருத்தை மாற்றிக்கொள்வீர்கள்? கேட்பதற்கு முன், அதே கேள்விக்கு உங்கள் பதிலை முதலில் சொல்லுங்கள். இருவரும் சொல்லி முடித்த பிறகு, இரண்டு பதிலுக்கும் பொதுவாக ஏதாவது ஓர் ஆதாரம் இருக்கிறதா என்று தேடி, அதைச் சேர்ந்து தேடிப் படியுங்கள், முறையை முதலில், முடிவைப் பிறகு.